பரணில் கிடக்கும் பழைய மிக்ஸி: பிளக்கில் செருகும் முன் என்ன பார்க்கணும்?

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணினால், எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட ஒரே சாமான்கள்தான் இறங்கும். கைப்பிடி உடைந்த குக்கர், பித்தளை பம்ப் ஸ்டவ், துருப்பிடித்த டோஸ்டர், சாக்குப் பையில் சுற்றிய ஒரு மிக்ஸி. எங்கள் வீட்டில் இறங்கிய மிக்ஸி அப்பத்தாவுடையது. அப்பா கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கியது. வெள்ளை உடம்பு மஞ்சளாகி, ஜார் மட்டும் இன்னும் பளபளவென்று இருந்தது.

"பழைய இரும்புக்காரர் வந்தா போட்டுரலாம்" என்றார் அப்பா.

"அது ஓடும்யா. நல்லா ஓடிக்கிட்டிருந்ததைத்தான் கழுவித் தொடைச்சு மேல வச்சேன்" என்றார் அப்பத்தா.

நான் வயரை எடுத்து நிமிர்த்தினேன். மடங்கியிருந்த இடத்தில் மேலுறை பொடிப்பொடியாக உதிர்ந்து, உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. பக்கத்திலேயே சுவிட்ச் போர்டு. ஆர்வக் கோளாறில் செருகியிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

பாட்டி காலத்துச் சமையலறைச் சாமான்களைத் தேடி வாங்குவதும், துடைத்து ஓடவிட்டு வீடியோ போடுவதும் இப்போது பலருக்குப் பொழுதுபோக்கு. சிலருக்கு அது அழகு, சிலருக்கு ஞாபகம், சிலருக்கு "புது மிக்ஸி ரெண்டு வருஷம்கூட தாங்கல" என்ற கோபம். காரணம் எதுவாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: இதை நிஜமாகவே பயன்படுத்தலாமா?

பெரும்பாலும் பயன்படுத்தலாம். ஆனால் இறக்கிய அன்றைக்கே இல்லை. பழைய சாதனத்தில் இரும்பும் எஃகும் செம்பும் அப்படியே இருக்கும். அந்தச் செம்பையும் உங்கள் கையையும் பிரித்து வைத்திருக்கும் ரப்பர், பிளாஸ்டிக், வார்னிஷ் எல்லாம் இருக்காது. நாம் பார்த்து ரசிப்பது முதல் வகையை. ஷாக் அடிப்பது இரண்டாவது வகை கெட்டுப்போனதால்.

வெளிநாட்டு மிக்ஸர் ஏன் எரிந்தது?

நம்ம ஊர் மிக்ஸி ஏன் இவ்வளவு கனமான ஆள் என்று புரிய, 1960-களின் பம்பாய்க்குப் போகணும். சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் சத்ய பிரகாஷ் மாத்தூர். அவர் வீட்டில் இருந்தது பிரான் என்ற ஜெர்மன் மிக்ஸர். அது ஒருநாள் பழுதாகிவிட்டது. சரிசெய்ய இங்கே ஆளும் இல்லை, பாகமும் இல்லை. மனைவி மாதுரி, நம்ம சமையலுக்குத் தாங்குகிற மாதிரி ஒன்றைச் செய்து தரச் சொல்லிக் கேட்டதாகத்தான் இந்தக் கதை சொல்லப்படுகிறது. மாத்தூர் வேலையை விட்டார். 1963-ல் நிறுவனம் தொடங்கினார். சில ஆண்டு முயற்சிக்குப் பிறகு வந்ததுதான் சுமீத் மிக்ஸி. நல்ல நண்பன் என்று பொருள்படும் சமஸ்கிருதப் பெயர். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு 'சுமீத்' என்றாலே மிக்ஸி என்றுதான் அர்த்தம். (அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று குடும்பத்துக்குள்ளேயே எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1994-ல் தீர்ப்பானது. டிரேட்மார்க் சட்டம் படிப்பவர்கள் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைத் தாண்டாமல் போக முடியாது.)

ஜெர்மன் மிக்ஸர் மட்டமான சரக்கு கிடையாது. அது செய்யப்பட்ட வேலை வேறு. கேக் மாவு, மில்க் ஷேக், சூப் என்று மெதுவான பொருள்களுக்கான மோட்டாரில் ஊறவைத்த உளுந்தையும் முற்றின தேங்காயையும் காய்ந்த மஞ்சளையும் போட்டால் என்னாகும்?

மிக்ஸிக்குள் இருப்பது 'யுனிவர்சல் மோட்டார்'. சுற்றும் பகுதி ஆர்மேச்சர். அதைச் சுற்றி அசையாமல் இருப்பது ஃபீல்டு காயில். சுற்றிக்கொண்டே இருக்கும் ஆர்மேச்சருக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பவை இரண்டு பக்கமும் உரசி நிற்கும் சின்ன கார்பன் கட்டிகள். ஜார் காலியாக இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 20,000 சுற்று வரைகூடப் போகும். அதே தண்டில் அடியில் ஒரு விசிறியும் சுற்றும். மோட்டாரைக் குளிரவைப்பது அதுதான்.

இப்போ கெட்டி மாவைப் போடுங்கள். வேகம் குறையும். வேகம் குறைந்தால் இந்த வகை மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், அதனால் அதிகம் சூடாகும். ஆனால் வேகம் குறைந்ததால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு ஏறும் அதே நேரத்தில் காற்று குறைகிறது. செம்புக் கம்பியின் மேல் பூசிய மெல்லிய வார்னிஷ் கருகி, ஒரு சுற்று இன்னொரு சுற்றைத் தொட்டுவிடும். அப்புறம் அந்த வாசனை. 'காயில் போச்சு' என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

ஆக, நம்ம மிக்ஸி நம்ம சட்னிக்காகவே பெரிய மோட்டார், தடித்த கம்பி, ஸ்டீல் ஜார், உறுதியான பிளேடு என்று கட்டப்பட்டது. அதைவிட முக்கியம், அடியில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் முழுசாகத் திறக்கும். கார்பன், கப்ளர், புஷ், சுவிட்ச் எல்லாம் தனித்தனியாக மாற்றக்கூடியவை. தெருமுனைக் கடைக்காரர் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வேலையை முடித்துவிடலாம்.

ஆனால் "அந்தக் காலத்துப் பொருள்னா சும்மாவா" என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அந்தக் காலத்தில் வாங்கி மூணாவது வருஷமே எரிந்துபோன மிக்ஸிகளும் இருந்தன. அவை பரணில் இல்லை, எப்பவோ இரும்புக் கடைக்குப் போய்விட்டன. தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு எல்லாமே அப்படித்தான் இருந்தன என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

வயரில் இருந்து தொடங்குங்கள்

அப்பத்தாவின் மிக்ஸியைக் காரைக்குடியில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஜாரைப் பார்க்கவில்லை, மோட்டாரைப் பார்க்கவில்லை. முதலில் பிளக்கைத்தான் பார்த்தார். ரெண்டு முள். "இதுக்கு எர்த்தே இல்லையே தம்பி" என்றார்.

சாதாரண விஷயம் மாதிரி தெரியும், ஆனால் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. மூணு முள் பிளக்கில் தடியாக, நீளமாக இருக்கும் முள்தான் எர்த். நீளமாக வைத்ததற்குக் காரணம், செருகும்போது மற்ற இரண்டுக்கும் முன்னால் அது தொட வேண்டும், கழற்றும்போது கடைசியாக விடுபட வேண்டும் என்பது. உலோக உடம்புள்ள சாதனத்தில் உள்ளே ஒரு வயர் அறுந்து உடம்பைத் தொட்டால், அந்தக் கரண்ட் எர்த் வழியாக இறங்கி ஃபியூஸ் போகும் அல்லது எம்சிபி விழும். எர்த் இல்லையென்றால்? உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும். யாராவது ஈரக் கையோடு தொடும்வரை காத்திருக்கும்.

பழைய வயரில் இன்னொரு குழப்பம் நிறம். அப்போது சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இப்போது வரும் வயர்களில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். பழைய சாதனத்துக்குப் புது வயர் போடும்போது இதை மாற்றிக் கொடுத்துவிட்டால் சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் இருக்கும். வயர் மாற்றத் தெரியும் என்று நினைப்பவர்கள்கூட இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்பது நல்லது.

அடுத்து அவர் செய்தது சீரிஸ் போர்டு சோதனை. எலெக்ட்ரீஷியன் கடைகளில் பார்த்திருப்பீர்கள்: ஒரு குண்டு பல்பு, அதோடு வரிசையாக இணைத்த ஒரு பிளக் பாயிண்ட். சந்தேகப்படும் சாதனத்தை நேராக லைனில் கொடுக்காமல் இதன் வழியாகக் கொடுப்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் ஃபியூஸ் வெடிக்காது, பல்பு எரியும், அவ்வளவுதான். எல்.இ.டி வந்த பிறகும் மெக்கானிக் கடைகளில் குண்டு பல்பு உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதை வீட்டில் செய்து பார்க்காதீங்க.

எங்கள் மிக்ஸியில் ஷார்ட் இல்லை. ஆனால் டெஸ்டரை வெளி ஸ்க்ரூவில் வைத்ததும் லேசாக எரிந்தது. திறந்து பார்த்தால் உள்ளே முழுக்கக் கறுப்புத் தூள். கார்பன் கட்டிகள் தேயத் தேய விழுந்த பொடி. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வருஷக்கணக்கில் படிந்த அந்தப் பொடியோடு பரணின் ஈரமும் சேர்ந்தால் கரண்ட் கசிய ஒரு பாதை ரெடி. பிரஷ்ஷால் துடைத்து, ஊதி, நாள் முழுக்க உலரவைத்து, 'மெகர்' என்ற கருவியால் இன்சுலேஷனை அளந்தார். நல்ல நிலையில் இருந்தால் அளவு மெகா ஓம் கணக்கில் வரும். கிலோ ஓமுக்கு இறங்கினால் அந்த மோட்டாரை ஓட்டக் கூடாது, வைண்டிங்கைப் பார்க்கணும்.

பழைய சாதனத்தைச் சரிசெய்யக் கொடுக்கும்போது "ஓடுதா அண்ணே?" என்று மட்டும் கேட்காதீங்க. "பாடியில கரண்ட் வருதா, மெகர் வச்சுப் பாத்தீங்களா?" என்று கேளுங்க. ஓடுவது வேறு, பாதுகாப்பாக ஓடுவது வேறு. ஷாக் அடிக்கும் மிக்ஸியும் நன்றாகத்தான் சட்னி அரைக்கும்.

வீட்டுப் பக்கம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கு. மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். 'டி' அல்லது 'டெஸ்ட்' என்று ஒரு பட்டனோடு இருக்கும். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே, அதாவது கொஞ்சம் கரண்ட் உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போனாலே, கண்மூடித் திறப்பதற்குள் துண்டித்துவிடும். எம்சிபி இதைச் செய்யாது. அது வயர் எரியாமல் பார்த்துக்கொள்ளும், மனிதரை இல்லை. 16 ஆம்பியர் எம்சிபி விழுவதற்குத் தேவையான கரண்டில் மிகச் சின்ன பங்கே ஆளைக் கொல்லப் போதும். வாடகை வீட்டில் ஆர்சிசிபி இல்லையென்றால் விண்டேஜ் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு வீட்டு ஓனரிடம் பேசுவதுதான் முதல் வேலை.

முதல் ஓட்டம்

வயர், கார்பன், ஜார் புஷ், கேஸ்கெட் மாற்றினோம். அந்த நாலுக்கும் கூலிக்கும் சேர்த்து ஆன செலவு, நடுத்தர விலைப் புது மிக்ஸியில் கால்வாசிகூட வரவில்லை.

முதலில் ஜார் வைக்காமல் ரெண்டு மூணு விநாடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கார்பன் இருக்கும் இடத்தில் சின்னச் சின்ன பொறி தெரிந்தால் பயப்பட வேண்டாம். புதுக் கார்பன் உட்கார்ந்து தேய்ந்து பழகும்வரை அப்படித்தான். சுற்றி வளையமாக நெருப்பு ஓடுகிற மாதிரி தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், ஆர்மேச்சரில் பிரச்னை. லேசான தூசி வாசனை ஒருமுறை வரலாம். வார்னிஷ் கருகும் வாசனை வரக் கூடாது. பல மிக்ஸிகளின் அடியில் '30 நிமிட ரேட்டிங்' என்று எழுதியிருக்கும். அதற்கு அரை மணி நேரம் விடாமல் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை, நடுநடுவே ஓய்வு கொடுத்து ஓட்டும் கணக்கு அது. வயசான மோட்டாருக்கு இன்னும் கூடுதலாகவே ஓய்வு கொடுக்கலாம். தப்பில்லை.

மாவு அரைக்கும்போது மிக்ஸி திடீரென்று நின்றுபோனால் உடனே மெக்கானிக்கைத் தேட வேண்டாம். அடியில் சிவப்பாக ஒரு பட்டன் இருக்கிறதா பாருங்கள். சுமை அதிகமானதால் அது வெளியே துள்ளியிருக்கும். பிளக்கைக் கழற்றி, சில நிமிடம் ஆறவிட்டு, அழுத்தினால் போதும். ரொம்பப் பழைய சில மாடல்களில் அந்தப் பட்டனே கிடையாது. அவற்றில் உங்கள் மூக்குதான் பட்டன்.

சட்னியில் கறுப்பாக எண்ணெய் மாதிரி ஏதாவது கலந்து வந்தால் கழுவிவிட்டு மறுபடி அரைக்காதீங்க. ஜாருக்கு அடியில் பிளேடு தண்டைப் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது, அங்கிருந்து அழுக்குக் கிரீஸ் மேலே ஏறுகிறது என்று அர்த்தம். புஷ் சின்னப் பொருள், மாற்றிவிடலாம். கல் உப்பு போட்டு ஓட்டினால் பிளேடு கூராகும் என்று ரீல்ஸில் சொல்கிறார்கள். அழுக்கு போகும். தேய்ந்த பிளேடுக்குச் சாணைதான் பிடிக்கணும், இல்லையென்றால் புது பிளேடு.

கிரைண்டர், டோஸ்டர், குக்கர்

பழைய கிரைண்டர் மிக்ஸியைவிடச் சாது. கோயம்புத்தூரைச் சேர்ந்த சபாபதி 1955-ல் முதல் மின்சாரக் கிரைண்டரை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடே இருக்கு. இதில் மோட்டார் மெதுவானது, வேலையைச் செய்வது கல். அதனால் மாவு சூடாகாது, பொங்கவும் செய்யும். ரொம்ப வருஷம் கழித்துப் போட்டால் வழக்கமாக நடப்பது இதுதான்: 'ம்ம்ம்' என்று முனகும், சுற்றாது. கையால் ஒரு தள்ளு தள்ளினால் சுற்றத் தொடங்கும். பயப்படாதீங்க, மோட்டார் போகவில்லை, பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் பலவீனமாகியிருக்கும். அதை மாற்றுவது சின்ன வேலை. ஆனால் தள்ளித் தள்ளியே ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் காயிலும் போகும். கல் வழவழப்பாகிவிட்டால் அம்மிக்குச் செய்வது போலவே கொத்த வேண்டும். கொத்தத் தெரிந்தவர் உங்கள் தெருவுக்கு இன்னும் வருகிறார் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

சூடேறும் சாதனங்கள் வேறு கதை. டோஸ்டர், காபி பெர்க்கலேட்டர் மாதிரியானவற்றை ஆசையாகச் சேகரிப்பது அமெரிக்காவில் பெரிய பொழுதுபோக்கு. 1949-ல் வந்த சன்பீம் டோஸ்டர் ஒன்றுக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள். லீவர் கிடையாது. ரொட்டியை வைத்தால் தானாகக் கீழே இறங்கும், சிவந்ததும் தானாக மெதுவாக மேலே வரும். உள்ளே இருக்கும் கம்பி சூட்டில் நீளுவதை வைத்தே அந்த வேலை முழுதும் நடக்கிறது, தனி மோட்டார் இல்லை. கிச்சன்எய்டு 1937-ல் கொண்டுவந்த மாடல் கே மிக்ஸர் இன்னொரு உதாரணம். அதன் முன்பக்கத்தில் மாட்டும் துணைக் கருவிகள் இன்றைய மாடலிலும் பொருந்தும். ஸ்பேர் கிடைப்பது என்றால் இதுதான்.

ஆனால் அமெரிக்காவில் இருக்கும் அத்தை கொண்டுவந்தார் என்று அப்படி ஒன்றை நம்ம பிளக்கில் செருகாதீங்க. அங்கே 120 வோல்ட், இங்கே 230. வோல்டேஜ் ஏறக்குறைய இரண்டு மடங்குதானே என்று தோன்றும். சூடேற்றும் கம்பியில் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும், அதாவது மூன்றரை மடங்குக்கும் மேல். அந்த டோஸ்டர் ரொட்டியைச் சுடாது, தன்னையே சுட்டுக்கொள்ளும். சிங்கப்பூரில் இருந்து வந்த பழைய சாமான் என்றால் வோல்டேஜ் பிரச்னை இல்லை, அங்கேயும் 230தான். பிளக் மட்டும் வேறு.

1970-களுக்கு முந்தைய டோஸ்டர், அயர்ன் பாக்ஸ் போன்றவற்றில் சூட்டைத் தடுக்க அஸ்பெஸ்டாஸ் வைப்பது வழக்கமாக இருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் அட்டை மாதிரியோ நார் மாதிரியோ ஏதாவது பிய்ந்து தொங்கினால் தட்டவும் ஊதவும் செய்யாதீங்க. அந்த நார்த்தூசி நுரையீரலுக்குள் போனால் வருஷங்கள் கழித்து நோயாக வரும். அப்படிப்பட்டதை மூடி, ஷோகேஸில் வையுங்கள். துணி சுற்றிய பழைய வயரோடு இருப்பதும் அதே ஷோகேஸுக்குத்தான்.

பழைய பிரஷர் குக்கர் என்றால் கேஸ்கெட்டையும் சேஃப்டி வால்வையும் கேள்வியே இல்லாமல் மாற்றணும். ஒரு பிராண்ட் குக்கருக்கு வேறு பிராண்ட் வெயிட் போட்டு 'விசில் வருதே' என்று திருப்திப்படக் கூடாது. வெயிட்டின் கனம்தான் உள்ளே எவ்வளவு அழுத்தம் என்பதைத் தீர்மானிக்கிறது. மூடி கோணியிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

பம்ப் ஸ்டவ்வைப் பற்றி ஒரு வார்த்தை. 1892-ல் ஸ்வீடனில் வந்த ப்ரைமஸ்தான் இதன் மூதாதை. தேய்த்து வைத்தால் பொன் மாதிரி மின்னும், சந்தேகமே இல்லை. ஆனால் 1980-களின் செய்தித்தாள்களைப் புரட்டினால் 'ஸ்டவ் வெடித்துப் பெண் சாவு' என்ற தலைப்பு திரும்பத் திரும்ப வரும். அதில் எத்தனை நிஜமான விபத்து, எத்தனை வரதட்சணைக் கொலை என்பது வேறொரு கட்டுரைக்கான விஷயம். பாட்டி காலத்துச் சமையலறை எல்லோருக்கும் இனிமையான ஞாபகம் இல்லை. அப்பத்தாகூட மிக்ஸியைத்தான் கேட்டார். கொல்லைப்பக்கம் கிடக்கும் ஆட்டுக்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

வீட்டில் இல்லை, வெளியே வாங்கணும் என்றால் காரைக்குடிதான் பலருக்கு நினைவுக்கு வரும் ஊர். அங்குள்ள பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த பித்தளை, ஸ்வீடன் எனாமல் பாத்திரம், கையால் சுற்றும் காபிக்கொட்டை மிஷின் எல்லாம் அடுக்கியிருக்கும். கையால் சுற்றும் மிஷின் முதல்முறை வாங்குபவருக்கு நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. வயர் இல்லை, ஷாக் இல்லை, கழற்றிக் கழுவினால் ரெடி. எனாமலில் பூச்சு பெயர்ந்திருந்தால் சமையலுக்கு வேண்டாம். பளீர் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு எனாமலில் காட்மியம் கலந்த நிறமிகள் சேர்ப்பது உண்டு என்பதால் புளிக்குழம்பை அதில் வைக்காமல் இருப்பது நல்லது.

மிக்ஸி வாங்குகிறீர்கள் என்றால் மோட்டாரை அப்புறம் பாருங்கள், ஜார் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மோட்டாரை வைண்டிங் பண்ணிக்கொள்ளலாம், வயர் எங்கேயும் கிடைக்கும். ஆனால் ஜார் உட்காரும் அளவும் கப்ளரின் பல்லும் பிராண்டுக்குப் பிராண்ட் வேறு. ஜார் இல்லாத பழைய மிக்ஸியை 'அப்புறம் தேடிக்கலாம்' என்று வாங்கியவர்கள் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். புதுப் பெயிண்ட் அடித்து மின்னினால் சந்தேகப்படுங்கள். உள்ளே தொடாமல் வெளியே மட்டும் அடித்திருக்கலாம். ஆன்லைனில் 'வொர்க்கிங் கண்டிஷன்' என்று போட்டிருந்தால், ஜாரில் தண்ணீர் ஊற்றி ஓடும் வீடியோ கேளுங்கள். ஒழுகுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

சரிசெய்ய முடியவில்லை என்றால்?

ஆர்மேச்சர் எரிந்து, பாடி விரிசல் விட்டு, ஜாரும் இல்லை என்றால் மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எங்கே போடுகிறோம் என்பது முக்கியம். தராசில் நிறுத்து வாங்கும் இடத்தில் பல நேரம் வயரைக் கொளுத்தித்தான் செம்பைப் பிரிக்கிறார்கள். பிவிசி எரியும் புகையில் டையாக்சின் உண்டு, அதைச் சுவாசிப்பவர் பெரும்பாலும் அங்கே கூலிக்கு வேலை செய்பவர். 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த புதிய மின்கழிவு விதிகள், பட்டியலில் இருந்த 21 வகைப் பொருள்களை 106 ஆக உயர்த்தின. தயாரிப்பாளரே மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்பதும் அதில் இருக்கு. உங்கள் ஊரில் பதிவுபெற்ற மறுசுழற்சி மையம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துக் கொடுங்கள். அதற்கு முன்னால் ஜார், கப்ளர், ஸ்க்ரூ, குமிழ் எல்லாவற்றையும் கழற்றி எடுத்து வையுங்கள். உங்களைப் போலவே இன்னொருவர் எங்கோ அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

சரிசெய்வதற்கான உரிமை பற்றி மத்திய அரசும் பேசத் தொடங்கியிருக்கு. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது. வீட்டு உபயோகப் பொருள், செல்போன், வாகனம், விவசாயக் கருவி என நான்கு துறைகள் அதில். அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் வந்தது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் என் கவலை இணையதளம் இல்லை, ஆள். எங்கள் மிக்ஸியைப் பார்த்த அண்ணனின் கடையில் உதவிக்கு யாரும் இல்லை. "பையன் ஐ.டி.யில இருக்கான் தம்பி, இதுக்கு யாரு வரப் போறா" என்றார்.

வேலை குறைந்துவிடவும் போவதில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. பல வீடுகளுக்கு அதுதான் முதல் மிக்ஸி. அவற்றில் மூத்தவற்றுக்கு இப்போது பத்து வயசு தாண்டியாச்சு. அடுத்து பரணில் ஏறப் போவது அவைதான்.

அப்பத்தாவின் மிக்ஸி திரும்பி வந்த அன்று பருப்புத் துவையல் அரைத்தோம். சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும். இந்தக் கால மிக்ஸிகளில் பலவற்றில் இருப்பது போல ஜாரையும் மூடியையும் பூட்டிக்கொள்ளும் வசதி இதில் இல்லை. நான் குமிழைத் திருப்பிவிட்டுப் போனை எடுக்கப் போனேன்.

"டேய், மூடியைக் கையால அமுக்கிப் பிடிறா. போட்டோ அப்புறம் எடுக்கலாம்."